மூளையும் நடையும் – 9: பார்க்கும் கண், நடக்கும் கால்

பக்கவாதத்துக்குப் பிறகு நோயாளியின் நடை எந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்பதை அறிய மறுவாழ்வு மருத்துவப் பிரிவுகளில் பரவலாகக் கையாளப்படும் எளிய முறை பத்து மீட்டர் நடைச் சோதனையாகும். தரையில் கோடிட்டு அளந்த பத்து மீட்டரை நோயாளி தமக்கு வசதியான வேகத்தில் கடக்க, பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவர் அதற்கான நேரத்தைக் குறித்துக்கொண்டு, வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுகிறார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஜாக்குலின் பெர்ரியும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டி, வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவாக நடப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டுமே நடமாடக்கூடியவர் என்றும், 0.4 முதல் 0.8 வரை நடப்பவர் ஓரளவு வெளியே சென்றுவரக்கூடியவர் என்றும், அதற்கு மேற்பட்ட வேகமுடையவர் தடையின்றி வெளியில் நடமாடக்கூடியவர் என்றும் வகைப்படுத்தும் வழக்கம் நிலைபெற்றது. நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றிப் பல முடிவுகளை எடுக்கத் துணைசெய்யும் இந்த எண், ஒருவர் தம்மை உற்றுப் பார்க்கிறார் என்பதை அவர் அறிந்திருக்கும் வேளையில்தான் பெறப்படுகிறது.

கவனிக்கப்படுகிறோம் என்ற அறிவே ஒருவருடைய நடத்தையை மாற்றிவிடுவதை ஆய்வாளர்கள் ஹாதோர்ன் விளைவு என்கின்றனர். சிகாகோ நகரை அடுத்த சிசரோவில் இயங்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து இப்பெயர் பிறந்தது. அந்தப் பழைய தரவுகள் இந்த முடிவை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது பின்னாளில் கேள்விக்கு உள்ளாகியிருந்தாலும், அளப்பவரின் கண் அளக்கப்படும் பொருளையே மாற்றக்கூடும் என்ற எச்சரிக்கை மருத்துவ ஆய்வுகளில் இன்றளவும் வலுவாக நிற்கிறது.

பக்கவாத நோயாளியிடம் இந்த விளைவு ஏன் தனிக் கவனத்துக்கு உரியது என்பதை அறிய, நடையை மூளை நடத்தும் விதத்தை நோக்க வேண்டும். உடல்நலமுள்ள ஒருவர் நடக்கும்போது தண்டுவடத்திலுள்ள நரம்பு வலைகளும், மூளைத்தண்டும், சிறுமூளையும், பெருமூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளும் காலடிகளின் தாளத்தைப் பெரிதும் தாமாகவே காத்துவருவதால், அவருடைய கவனம் பேச்சிலோ கடைத்தெருவிலோ சுதந்திரமாக உலவுகிறது. பக்கவாதத்தில் இந்த அமைப்பின் ஒரு பகுதியோ அதற்கு ஆணை செல்லும் பாதையோ சிதைந்துவிடும்போது, திட்டமிடுதலுக்கும் கவனத்துக்கும் உரிய முன்நெற்றிப் புறணி நடையின் சுமையையும் சேர்த்துத் தாங்க நேர்கிறது. தொங்கும் பாத நுனி தரையில் தட்டாமலிருக்க இடுப்பை உயர்த்தி, காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழற்றி, குதிகாலை ஊன்றி, முழங்கால் மடங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு மறுகாலை எடுத்துவைப்பது வரை ஒவ்வொன்றும் அவருக்கு நினைத்துச் செய்யும் வேலையாகிறது.

பிறர் முன்னிலையில் ஒருவருடைய திறமை கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு உளவியலாளர் ராபர்ட் ஸாயோன்ஸ் 1965இல் தந்த விளக்கம், நன்கு பழகிய செயல் பார்வையாளர் முன் மேம்படும், பழகிக்கொண்டிருக்கும் செயல் தடுமாறும் என்பதாகும். 1982இல் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் ஆடுவோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், சிலர் அருகில் வந்து நின்று பார்த்தபோது திறமையான ஆட்டக்காரர்களின் வெற்றி வீதம் 71 சதவீதத்திலிருந்து 80 ஆக உயர்ந்ததும், திறமை குறைந்தவர்களுடையது 36 சதவீதத்திலிருந்து 25 ஆகச் சரிந்ததும் இதற்கு அரணாக அமைந்தன. நடை என்பது பிறருக்குக் குழந்தைப் பருவத்திலேயே கைவந்த பழைய திறன். பக்கவாதம் கண்டவருக்கோ அதே நடை மீண்டும் கற்கப்படும் புதிய திறன். ஆகவே ஒரே பார்வை, ஊக்கமாக மாறி வேகத்தைக் கூட்டவும் கூடும், பதற்றமாக மாறி காலைப் பின்னிழுக்கவும் கூடும். பதற்றமும் அதிக முயற்சியும் சேரும்போது பாதிக்கப்பட்ட கையின் முழங்கை தானாகவே மடங்கி மார்பை நோக்கி ஏறுவதைப் பல நோயாளிகளிடம் காணலாம்.

கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சுவீடனில் முதியோரிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வு துலக்கமாகக் காட்டியது. உடன் நடந்தவர் பேச்சுக் கொடுத்தபோது 58 பேரில் 12 பேர் நடப்பதை நிறுத்திவிட்டே பதில் சொன்னார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் கீழே விழுந்தார்கள். அது பக்கவாத நோயாளிகளை மட்டும் பற்றிய ஆய்வன்று என்றாலும், நடைக்கே கவனம் முழுவதையும் செலவிடும் ஒருவரிடம் மேலும் ஒரு சுமை ஏற்றப்பட்டால் என்ன நேரும் என்பதை அது உணர்த்துகிறது. பிறர் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற எண்ணமும் அத்தகைய சுமையே.

எனினும் பார்வை தீங்கு மட்டுமே செய்யும் என்று முடிவுகட்டுவது தவறாகும். புரூஸ் டாப்கின் தலைமையில் பல நாடுகளின் மறுவாழ்வு மையங்களில் 179 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் நடந்து முடித்தவுடன் தம் வேகத்தை அறிந்துகொண்ட குழுவினர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது வினாடிக்கு 0.91 மீட்டர் வேகத்தை எட்டியிருக்க, வேகம் சொல்லப்படாத குழுவினர் 0.72 மீட்டரையே எட்டினர். இரு குழுவினரும் கவனிக்கப்பட்டவர்களே. தம் முன்னேற்றம் இவ்வளவு என்ற தெளிவான செய்தி ஒரு குழுவினருக்குக் கூடுதலாகக் கிடைத்தது. பார்வை தீர்ப்பாக வராமல் தகவலாக வரும்போது அது மருந்தாகிறது.

இதனால்தான் அளவீட்டில் ஒழுங்கு வேண்டும். அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2002இல் வெளியிட்ட ஆறு நிமிட நடைச் சோதனை விதிகள், சோதிப்பவர் குறித்த இடைவெளிகளில் குறித்த ஊக்கச் சொற்களை மட்டுமே ஒரே தொனியில் சொல்ல வேண்டும் என்றும், நோயாளியோடு சேர்ந்து நடக்கக் கூடாது என்றும் வரையறுத்துள்ளன. உலக சுகாதார நிறுவனமும் 2001இல் ஏற்ற வகைப்பாட்டில், சீரான சோதனைச் சூழலில் ஒருவரால் இயலும் அளவையும், அன்றாட வாழ்வில் அவர் உண்மையில் செய்யும் அளவையும் தனித்தனியே குறிக்கச் சொல்கிறது. கணுக்காலிலோ இடுப்பிலோ அணியும் அசைவுமானிக் கருவி பல நாட்களுக்கு அடிகளை எண்ணிவருவதால், யாரும் நின்று பார்க்காத நேரத்து நடையையும் இன்று ஓரளவு அறிய முடிகிறது. மருத்துவமனைக் கூடத்தில் பெற்ற வேகத்தை மட்டும் கொண்டு நோயாளி குணமடைந்துவிட்டார் என்றோ இனி முன்னேற மாட்டார் என்றோ கூறுவது பாதி உண்மையை முழு உண்மையாகக் கொள்வதாகும்.

இந்த அறிவு மருத்துவருக்கு எவ்வளவு தேவையோ, அதே அளவுக்கு வீட்டாருக்கும் தேவை. விழும் அபாயம் உள்ளவரைத் தனியே நடக்க விடக் கூடாது. பாதிக்கப்பட்ட பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி, கை எட்டும் தொலைவில் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் “அப்பா, காலை நல்லாத் தூக்கி வைங்க” என்று சொல்லிக்கொண்டே வருவதையும், நடக்கும்போது கேள்வி கேட்பதையும், விருந்தினர் முன் நடந்துகாட்டச் சொல்வதையும் வீட்டார் அறவே தவிர்க்க வேண்டும். வீட்டில் அவர் இயல்பாக நடக்கும் விதத்தைக் குறித்துவைத்து அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் தெரிவிக்க வேண்டும். நேற்றைவிட இன்று எத்தனை அடி கூடுதல் என்பதை, நடந்து முடித்து அவர் உட்கார்ந்த பிறகு அவரிடம் சொல்ல வேண்டும்.

(தொடரும்)