மாப்பையும் குளிப்பாட்டுங்கள்

வீட்டைத் துடைத்து முடித்ததும் மாப்பை எங்கே வைக்கிறீர்கள்? பல வீடுகளில் அது அழுக்குத் தண்ணீர் நிற்கும் வாளியிலேயே தலைகுப்புற ஊறிக்கொண்டிருக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மறுநாள் அதே மாப்பால் துடைத்தால், அந்தக் கிருமிகளைத்தான் வீடு முழுக்கப் பூசுகிறோம். தவழும் குழந்தை உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

துடைத்து முடித்த உடனே, முதலில் நூலில் சிக்கிய முடி, தூசியைக் கையால் எடுத்துவிடுங்கள். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் நன்றாக அலசி, தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழியுங்கள். பருத்தி நூல் மாப் நாற்றமடித்தால், 5 லிட்டர் தண்ணீரில் 100 மில்லி குளோரின் பிளீச் கலந்து, 10 நிமிடம் ஊறவைத்து அலசலாம். கையுறை அவசியம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பிளீச்சுடன் வினிகரையோ கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளியேறும்.

மைக்ரோஃபைபர் மாப்புக்கு பிளீச் வேண்டாம், இழைகள் கெட்டுவிடும். துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது படிந்தால் மாப் தண்ணீரை உறிஞ்சாது. சோப்பும் வெதுவெதுப்பான நீருமே போதும்.

கடைசியாக, நூல் பகுதி மேலே இருக்கும்படி வெயிலில் நிறுத்தியோ, கொக்கியில் மாட்டியோ முழுதாகக் காயவிடுங்கள். வாளியையும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். அலசிக் காய்ந்த பிறகும் வாடை போகவில்லையா? நூல் உதிர்கிறதா? தயங்காமல் புது மாப் வாங்கிவிடுங்கள்.