உமிச் சாம்பலில் 'உறைந்த புகை'!

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து நெல் மில்களைத் தாண்டிப் போகிறவர்களுக்கு உமிச் சாம்பல் என்றாலே எரிச்சல். பறந்து வந்து கண்ணில் விழும். வெள்ளை வேட்டி பாழ்! ஆனா அது வெறும் குப்பை இல்லீங்க.

100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். பெரும்பங்கு சிலிக்கா! காஸ்டிக் சோடாவில் கரைத்து, அமிலம் விட்டுக் கூழாக்கி, உள்கூடு நொறுங்காமல் உலர்த்தினால் 'ஏரோஜெல்'. புகை உறைந்தது போல இருக்கும். 90 சதவீதத்துக்கு மேல் காற்றுதான்! சிலிக்கா ஏரோஜெல்லை முதலில் செய்தவர் அமெரிக்கர் கிஸ்ட்லர், 1931-ல் அறிவித்தார்.

முக்கொம்பில் பிரியும் காவிரி, வாய்க்காலாகி, கிளை வாய்க்காலாகிறதே, அதே கதைதான் உள்ளேயும். சிலிக்காத் துகள்கள் கிளை கிளையாகக் கோத்து நிற்கின்றன. சின்னக் கிளையைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் பெரிய கிளையின் சாயல்! இடுக்கில் சிக்கிய காற்று நகராது. சூடும் எளிதில் தாண்டாது.

உலர்த்தும் செலவுதான் முட்டுக்கட்டை. அது குறைந்தால், மில் வாசல் சாம்பல் கொதிகலன் குழாய்க்குப் போர்வை!