மின்சாரத்துக்குக் காவல்

பாராடாங் அந்தமானில் உள்ள ஒரு தீவு. தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் இருக்கிறது. கரையோரம் அலையாத்திக் காடு. உள்ளே அடர்ந்த காடு. சேறு கக்கும் எரிமலையும் சுண்ணாம்புக் குகைகளும் இங்கே உண்டு. அவற்றைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். படகுத்துறைப் பக்கம் கடைகள் இருக்கின்றன. ஊருக்குள் தென்னையும் பாக்கும் வளர்கின்றன. தமிழ், வங்காளம், இந்தி பேசும் மக்கள் கலந்து வாழ்கிறார்கள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மக்களும் இருக்கிறார்கள்.

அந்தமான் தீவுகளுக்கு மின்சாரம் எப்படிக் கிடைக்கிறது? தமிழ்நாட்டிலிருந்து கம்பி இழுத்து வரவில்லை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். இத்தனை தூரம் கம்பி இல்லாததால், பெரும்பாலும் டீசல் எஞ்சினை ஓட்டித்தான் இங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். டீசல் கப்பலில் வருகிறது. சூரிய ஒளியிலிருந்தும் கொஞ்சம் எடுக்கிறார்கள்.

இப்படிப் பாடுபட்டு எடுத்த மின்சாரம் விளக்கை எரிக்கிறது. மோட்டாரை ஓட்டுகிறது. கவனம் தவறினால் ஆளையும் கொல்கிறது.

பாம்பு வந்தால் கண்ணுக்குத் தெரியும். தீ பிடித்தால் புகை வரும். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. வாசனை கிடையாது. ஆகவே அதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அதற்காக அரசு வைத்திருக்கும் அதிகாரிதான் மின் ஆய்வாளர்.

யார் இந்த மின் ஆய்வாளர்?

வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்துக் கணக்கு எழுதுபவர் மின் ஆய்வாளர் அல்ல. கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் லைன்மேன். அவரும் மின் ஆய்வாளர் அல்ல. அவர்கள் மின்சாரம் கொடுக்கும் துறையின் ஊழியர்கள். மின் ஆய்வாளரின் வேலை வேறு. மின்சாரம் கொடுப்பவரும் விதிப்படி நடக்கிறாரா, வாங்குபவரும் விதிப்படி நடக்கிறாரா என்று பார்ப்பதே அவர் வேலை.

இந்தப் பதவி இன்று நேற்று வந்தது அல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டம் வந்தது. மின் ஆய்வாளரை அரசு நியமிக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. 2003-ஆம் ஆண்டு புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன் 162-ஆம் பிரிவின்படி தலைமை மின் ஆய்வாளரையும் மின் ஆய்வாளர்களையும் அரசு நியமிக்கிறது.

மின் ஆய்வாளர் கட்டடத்துக்குள் வந்து சோதிக்கலாம். குறை இருந்தால் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் உத்தரவு தரலாம். அவர் உத்தரவு தவறு என்று நினைப்பவர் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் இடங்களில் இவர் வேலை மிக முக்கியம். பெரிய ஆலை, பெரிய மருத்துவமனை போன்றவை அப்படிப்பட்ட இடங்கள். அரசு குறித்த அளவுக்கு மேல் வோல்ட் இருந்தால், ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் மின்சாரம் விடலாம். பிறகும் குறித்த காலத்தில் மீண்டும் சோதனை நடக்க வேண்டும்.

சிறிய வீடுகளுக்கு எல்லாம் அவர் நேரில் வருவதில்லை. அங்கே உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வயரிங் வேலை செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் சோதித்துச் சான்று தர வேண்டும். பல்பு மாற்றுவது, பியூஸ் போடுவது போன்ற சின்ன வேலைகளை வீட்டுக்காரர் செய்து கொள்ளலாம். புதிதாக வயர் இழுப்பதை அப்படிச் செய்யக் கூடாது.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்?

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரியும்போது அதில் சுமார் 260 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது. மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினாலே இதயம் தடுமாறி நின்று போகலாம். அதாவது, ஒரு பல்பை எரிக்கும் மின்னோட்டத்தில் எட்டில் ஒரு பங்கு போதும். ஒரு உயிர் போய்விடும்.

"ஒரு பல்புதானே எரிகிறது, அதில் என்ன ஆபத்து?" என்று சிலர் கேட்கிறார்கள். இதுதான் பதில்.

ஆய்வாளர் எதைச் சோதிக்கிறார்?

முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கிறார். மண்ணில் குழி தோண்டி, குழாயோ தகடோ புதைத்து, அதிலிருந்து கம்பி கொண்டு வருவார்கள். அதுதான் எர்த். இஸ்திரிப் பெட்டியின் உள்ளே வயர் அறுந்து இரும்பில் பட்டால் என்ன ஆகும்? எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியாக வேகமாக மண்ணுக்குப் போகும். உடனே பியூஸ் எரிந்து மின்சாரம் நின்றுவிடும். எர்த் இல்லாவிட்டால், தொட்டவர் உடம்பு வழியாக மின்சாரம் மண்ணுக்குப் போகும்.

அடுத்து வயரின் மேல் உறை நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கிறார். இதற்கு மெகர் என்று ஒரு கருவி உண்டு. அது 500 வோல்ட் கொடுத்து வயரைச் சோதிக்கும். உறை வழியே மின்சாரம் கசிந்தால் கருவி காட்டிவிடும். வெளியே நன்றாகத் தெரியும் வயரும் உள்ளே கெட்டுப் போயிருக்கலாம்.

பிறகு பியூஸைப் பார்க்கிறார். பியூஸ் அடிக்கடி போனால் சிலர் தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் பியூஸ் போகாது. அதற்குப் பதில் வயர் எரியும். பிறகு வீடே எரியும். பியூஸ் போவது தொல்லை அல்ல. அது நமக்குத் தரும் எச்சரிக்கை.

மின்கசிவைக் கண்டதும் தானே நிறுத்திவிடும் சுவிட்சும் உண்டு. கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதை வாங்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தை நிறுத்திவிடும்.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

இதற்கும் விதி இருக்கிறது. சாலையைக் கடக்கும் சாதாரணக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. இது சுமார் 19 அடி. உயர் அழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்குக் குறையக் கூடாது. இது 20 அடி. வீட்டுக் கூரைக்கு மேலே சாதாரணக் கம்பி போனால் 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும்.

கம்பி போட்ட நாளில் உயரம் சரியாகவே இருக்கும். பிறகு என்ன நடக்கிறது? வெயிலிலும் பாரத்திலும் கம்பி தொய்கிறது. சாலை மேல் சாலை போட்டு மேடாக்குகிறார்கள். கூரை வீட்டை மாற்றி மாடி கட்டுகிறார்கள். இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. யாரும் அளந்து பார்ப்பதில்லை.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேடு என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று அதிகாலையில் அங்கே அப்பர் சதய விழாத் தேர் வலம் வந்தது. தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். விசாரணைக்கு அரசு உத்தரவிட்டது. விசாரணை வந்தது. போன உயிர் வரவில்லை.

அந்தமானிலும் தமிழர்கள் பங்குனி உத்திரம் கொண்டாடுகிறார்கள். காவடி எடுக்கிறார்கள். மற்றவர்கள் துர்கா பூஜைக்குப் பந்தல் போடுகிறார்கள். எந்த விழாவானாலும் வழியில் உள்ள கம்பியை முன்பே பார்க்க வேண்டும். மின்துறைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். ஊர்வலம் போகும் நேரத்தில் அந்த வழியில் மின்சாரத்தை நிறுத்தி வைப்பார்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர் கவனத்துக்கு

தீவுகளில் மின்சாரம் நின்றால் கடைக்காரர்கள் சிறிய ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். சிலர் அதன் வயரை வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் நேராகச் செருகிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்து.

ஜெனரேட்டர் மின்சாரம் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி வெளிக் கம்பிக்கும் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. பின்பக்கமாக 230 வோல்ட் வந்தால் அதையே 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். "லைன் நிறுத்தியாகிவிட்டது" என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். கம்பியைத் தொட்டதும் அவர் உயிர் போகும். அவரும் ஒரு வீட்டின் பிள்ளை. நம் வீட்டில் விளக்கு எரியத்தான் அவர் ஏறினார்.

ஆகவே, மாற்றுச் சுவிட்ச் வைக்க வேண்டும் என்று ஆய்வாளர் சொல்கிறார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று கடையில் கேட்க வேண்டும். அது இருந்தால் வெளிக் கம்பி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் சேராது.

வேலியில் மின்சாரம் வேண்டாம்

அந்தமானில் புள்ளிமான்கள் பயிரைத் தின்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகிவிட்டன. விவசாயிக்கு நட்டம்தான். அதற்காக வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது குற்றம். இரவில் அந்த வழியே வருவது மானா, பக்கத்து வீட்டுப் பையனா என்று வேலிக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்தில் 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இப்படி ஒரு வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன.

விபத்து நடந்தால் என்ன செய்வது?

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அடிபட்டவரை வெறும் கையால் தொடக் கூடாது. வீட்டு மின்சாரமானால் காய்ந்த கட்டையால் வயரை விலக்கலாம். வெளியே உயர் அழுத்தக் கம்பி அறுந்து கிடந்தால் கட்டையோடும் பக்கத்தில் போகக் கூடாது. மின்துறைக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் போக வேண்டும். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி உள்ளவர் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

அடுத்ததாக ஒரு கடமை இருக்கிறது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மின் விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மனிதருக்கு அடிபட்டாலும் சரி, ஆடு மாட்டுக்கு அடிபட்டாலும் சரி. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உயிர் போன விபத்தானால், மின்சாரம் கொடுக்கும் துறையும் இடத்தின் உரிமையாளரும், அது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

ஆய்வாளர் விசாரிக்கும்போது அவருக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் சில உண்டு. சாட்சிகளை வரச் சொல்லலாம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். எந்த வயர், எந்த இடத்தில், யார் செய்த வேலை, எர்த் இருந்ததா, பியூஸ் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அறிக்கை எழுதுவார்.

சில இடங்களில் விபத்தை மறைக்கிறார்கள். "போன உயிர் போய்விட்டது. ஊருக்குள் பேச்சு வேண்டாம்" என்கிறார்கள். கருகிய வயரை இரவோடு இரவாக மாற்றிவிடுகிறார்கள். இதனால் இரண்டு கேடு வருகிறது. இறந்தவர் குடும்பம் இழப்பீடு கேட்டுப் போகும்போது ஆதாரம் இருக்காது. ஆய்வாளரின் அறிக்கைதான் அவர்களுக்குப் பெரிய ஆதாரம். இரண்டாவது கேடு அதைவிடப் பெரியது. என்ன குறை என்று தெரியாததால், அதே குறை அடுத்த வீட்டிலும் இருக்கும். அடுத்த உயிரும் போகும்.

ஆகவே அறுந்த வயரையும் எரிந்த சுவிட்சையும் அப்படியே விட்டு வைக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, யாரும் கிட்டே போகாமல் காவல் வைத்தால் போதும்.

அவர் வரும் வரை

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து பாராடாங் சுமார் 100 கிலோமீட்டர். வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு இருக்கிறது. அங்கே வண்டிகள் குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் போக வேண்டும். பிறகு கடல் கால்வாயைக் கடக்க வேண்டும். நினைத்த நேரத்தில் எந்த அதிகாரியும் வந்துவிட முடியாது.

இங்கே மழையும் அதிகம். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. மரம் சாய்ந்து கம்பி அறுகிறது. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது. வயர் சேரும் இடங்கள் அரிக்கின்றன. தகரக் கூரையில் வயர் உரசினால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். மழை இல்லாத மாதங்களில் எர்த் குழி காய்ந்து விடுகிறது. அப்போது அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இவற்றை எல்லாம் தினமும் பார்ப்பவர்கள் ஊர் மக்கள்தான். ஆய்வாளரிடம் கருவி இருக்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் தொய்ந்த கம்பியை முதலில் பார்ப்பது தோப்புக்குப் போகும் பெண். கம்பத்தில் பொறி பறப்பதை முதலில் பார்ப்பது பள்ளிக்குப் போகும் பிள்ளை. பார்த்தவர் பேசாமல் போனால் ஆய்வாளருக்குத் தெரியாது. பார்த்ததை எழுதிக் கொடுத்தால், அதற்குப் பதில் சொல்ல ஒரு அதிகாரி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

எழுதப் படிக்கக் கற்றவர் இனி வாயால் சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை. எந்த இடம், எந்தக் கம்பம், என்ன குறை, எந்தத் தேதி என்று நான்கு வரி எழுதலாம். கீழே கையெழுத்துப் போடலாம். ஒரு நகலைக் கையில் வைத்துக் கொள்ளலாம். அந்த நான்கு வரி ஒரு உயிரைக் காப்பாற்றும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா? எங்கே புதைத்திருக்கிறார்கள்?
2. உங்கள் தெருவில் எந்தக் கம்பி தொய்ந்து கிடக்கிறது? யாருக்கு எழுத வேண்டும்?
3. மின் விபத்தை ஏன் மறைக்கக் கூடாது?
4. குறை ஒன்றைத் தெரிவித்து நான்கு வரி மனு எழுதிப் பாருங்கள்.