நெய்யூர் வானத்தில் இரண்டு வெண்திட்டுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் வானத்தைப் பார்ப்பவர்கள் மழைக்காகத்தான் பார்க்கிறார்கள். கிழக்கே இருட்டிக்கொண்டு வருகிறதா, சாயங்காலம் இடி உண்டா என்பதே பேச்சு. விண்மீன் பார்க்க இது தோதான காலமல்ல என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நல்ல மழை, காற்றில் மிதக்கும் தூசியையும் புகையையும் கழுவி இறக்கிவிடும். மழை விட்டு, மேகம் கலைந்த இரவில் தெரியும் தெளிவு பங்குனியிலோ சித்திரையிலோ கிடைப்பதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையுமான இந்தக் கூதிர் காலத்தில் நெய்யூர்க்காரர்கள் காணக்கூடிய ஒரு காட்சி, லண்டனிலோ நியூயார்க்கிலோ வருடம் முழுக்கக் காத்திருந்தாலும் தெரியாது.

நெய்யூர் வடக்கு அட்சரேகை 8 டிகிரியை ஒட்டிய ஊர். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் அது பாதி வானத்துக்கு மேல் நிற்கிறது. நமக்கோ வெறும் எட்டு டிகிரி. கையை நேராக நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அது வானில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும்; அந்த உயரம்கூட இல்லை. வடக்கே மலையும் தென்னையும் நிற்கும் ஊரில் துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலே ஒருவர் வாழ்ந்து முடித்துவிடலாம். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் ஏறத்தாழ முழுவதும் நமக்குக் கிடைத்திருக்கிறது. தென்துருவத்தைச் சுற்றிய 8 டிகிரி வட்டம் மட்டுமே நமக்கு நிரந்தரமாக மறைந்திருக்கிறது. மொத்த வானத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

தெற்கு வானம் இருந்தால் மட்டும் போதாது, அது இருட்டாகவும் இருக்க வேண்டும். அந்த வசதியும் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்யூரிலிருந்து மண்டைக்காட்டுக் கடப்புறமோ முட்டமோ சிறிது தூரம்தான். அங்கே கடலைப் பார்த்து நின்றால் ஊர் விளக்குகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. தெற்கே அண்டார்க்டிகா வரை பெருநிலம் எதுவும் கிடையாது.

அக்டோபர் நடுவில் இரவு ஏழு மணிக்குத் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். நேர் உச்சியில் ஒரு பிரகாசமான விண்மீனும் அதன் இரு பக்கத்திலும் சற்று மங்கிய விண்மீன் ஒவ்வொன்றும் தெரியும். அதுதான் திருவோணம். நடுவில் உள்ள அல்டேர் விண்மீன் நெய்யூரின் உச்சிப் புள்ளியிலிருந்து ஒரு டிகிரிகூட விலகாமல் கடந்து போகிறது. ஓணம் கொண்டாடுகிற மண்ணில் திருவோணம் இப்படி நேர் தலைக்கு மேல் வருவதை நினைத்தால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி. நேரம் ஆக ஆக அது மேற்கே சரியும். அதன் இடத்துக்குக் கிழக்கிலிருந்து ஒரு பெரிய சதுரம் ஏறி வரும். சதுரத்தின் மேற்குப் பக்கத்து இரண்டு விண்மீன்கள் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. சாதகக் கட்டத்தில் பெயரளவில் தெரிந்த இவற்றை வானத்தில் கண்டவர்கள் குறைவு. நவம்பர் தொடக்கத்தில் இரவு ஏழு மணி தாண்டினால் கிழக்கே கார்த்திகையின் அறுமீன் கொத்தும் எழுந்துவிடும்.

அந்தச் சதுரத்தை அடையாளம் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. உத்திரட்டாதியின் வடக்கு விண்மீனிலிருந்து வடகிழக்காக ஒரு வரிசை நீள்கிறது. அதில் முதலில் வருவது சற்று மங்கல், அடுத்தது நல்ல பிரகாசம். பிரகாசமானதன் பெயர் மிராக். அங்கிருந்து வடமேற்காகத் திரும்பி, இரண்டு மங்கலான விண்மீன்களைத் தாண்டுங்கள். இரண்டாவதை ஒட்டி ஒரு வெளிர்ந்த, நீள்வட்டமான திட்டு இருக்கும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கண்ணைச் சற்றே ஓரமாக வைத்துப் பார்த்தால் தெரியும். அதுதான் ஆண்ட்ரோமீடா. நம் பால்வெளியைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலம். 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பிய ஒளி இன்று உங்கள் கண்ணில் வந்து விழுகிறது. 10ஆம் நூற்றாண்டில் பாரசீக வானியலாளர் அல்-சூஃபி இதைச் சிறு மேகம் என்று குறித்து வைத்தார்.

இப்போது திரும்பித் தெற்கே நில்லுங்கள். கடலுக்கு மேலே, பாதி உயரத்தில் தனியாக நிற்பது ஃபோமல்ஹாட். அதற்குக் கீழே, கிழக்குப் பக்கமாக இன்னொரு பிரகாசமான விண்மீன்: அகெர்னார். தன்னைத்தானே அதிவேகமாகச் சுற்றுவதால் அதன் நடுப்பகுதி புடைத்து, துருவங்களுக்கு இடைப்பட்ட அளவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகன்றுபோயிருக்கிறது. அகெர்னாருக்கு ஒன்றரை முட்டி கீழே, சற்று வலப்பக்கம், அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்கும் குறைவான உயரத்தில் சின்ன மகெல்லன் மேகம் இருக்கிறது. பால்வெளியைச் சுற்றியுள்ள குட்டி மண்டலங்களில் ஒன்று. தூரம் சுமார் 2 லட்சம் ஒளியாண்டு.

இது எளிதில் அகப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு தாழ்வில் இருக்கும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைவிட ஆறு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் வேறு. மழை கழுவிய, நிலவில்லாத இரவும் ஒரு பைனாகுலரும் வேண்டும். இருந்தாலும் இதற்காகச் சிரமப்படலாம் என்கிறேன்.

ஏனென்றால், வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே ஒரு கோடு இழுத்தால், ஆண்ட்ரோமீடாவும் சின்ன மகெல்லன் மேகமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்தக் கோட்டைத் தொடுகின்றன. ஒன்று வடக்கே ஆறு முட்டி உயரத்தில், மற்றது தெற்கே ஒரு முட்டி உயரத்தில். லண்டனில் மகெல்லன் மேகம் எழுவதே இல்லை. சிட்னியில் ஆண்ட்ரோமீடா அடிவானத்தை ஒட்டித்தான் தலைகாட்டும். நெய்யூரில் நின்று தலையைத் திருப்பினால் இரண்டையும் பார்த்துவிடலாம். பிரபஞ்சம் எவ்வளவு பெரியது என்று மனிதன் முதன்முதலாகக் கண்டுகொண்டது இந்த இரண்டு திட்டுகளையும் இணைத்துத்தான்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஹென்ரியெட்டா லெவிட் என்ற பெண் வேலை பார்த்தார். காது சரியாகக் கேட்காது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அரெக்கிபா மலையூரில் வானத்தைப் படமெடுத்து அனுப்பிய கண்ணாடித் தகடுகளை வைத்து, மகெல்லன் மேகங்களில் ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைத் தேடுவது அவர் பணி. 1908இல் அப்படி 1,777 விண்மீன்களைப் பட்டியலிட்டார். 1912இல், சின்ன மேகத்திலுள்ள 25 விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு விதியைக் காட்டினார்: ஒளி கூடிக் குறையும் காலம் எவ்வளவு நீளமோ, அந்த விண்மீன் அவ்வளவு பிரகாசம். இந்த வகை விண்மீன்களுக்குச் செஃபீட் என்று பெயர். லெவிட் வேலை செய்த ஊரிலிருந்து மகெல்லன் மேகம் ஒருநாளும் தெரியாது. அங்கே அவர் தகட்டில் மட்டுமே பார்த்த மேகம் நமக்கு முட்டத்துக் கடலுக்கு மேல் நிற்கிறது.

அந்த விதியின் பயன் என்ன? இரவில் கடலில் வள்ளங்களின் விளக்குகளைப் பாருங்கள். எல்லா வள்ளத்திலும் ஒரே மாதிரி விளக்குதான் என்று தெரிந்தால், எது மங்கலாகத் தெரிகிறதோ அது தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எத்தனை மடங்கு தூரம் என்றும் கணக்குப் போடலாம். விண்மீன்களில் இது முடியாமல் இருந்தது. ஒரு விண்மீன் இயல்பாகவே மங்கலா, தூரத்தால் மங்கலா என்று பிரித்தறிய வழியில்லை. செஃபீட் தன் இயல்பான பிரகாசத்தைத் தன் துடிப்பின் காலத்தாலேயே சொல்லிவிடுகிறது.

1923 அக்டோபரில், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் வானியலாளர் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்தார். அதில் ஒரு செஃபீட் அகப்பட்டது. லெவிட்டின் விதியை வைத்து அவர் கணக்கிட்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்று பிற்பாடு தெரிந்ததும் அது 20 லட்சத்தைத் தாண்டியது. 9 லட்சமே போதுமானதாக இருந்தது. பால்வெளிதான் மொத்தப் பிரபஞ்சம் என்று வாதிட்டவர்களின் கட்சி அதோடு முடிந்தது. லெவிட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1921இலேயே இறந்துவிட்டார். அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் மரணங்களில் ஒன்று அது.

செஃபீட்களுக்குப் பெயர் தந்த டெல்டா செஃபை விண்மீனை வெறும் கண்ணாலேயே நீங்கள் பின்தொடரலாம். நவம்பர் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு அது வடக்கே நான்கு முட்டி உயரத்தில் இருக்கும். பக்கத்தில் இரண்டு விண்மீன்கள் சேர்ந்து ஒரு சிறு முக்கோணம். அந்த இரண்டில் ஒன்று சற்றுப் பிரகாசம், ஒன்று மங்கல். டெல்டா சில இரவு பிரகாசமானதை எட்டிப் பிடிக்கும், சில இரவு மங்கலானதைப் போல் தேய்ந்துவிடும். ஒரு சுற்றுக்கு 5 நாள் 9 மணி நேரம். 1784இல் இதைக் கண்டவர் ஜான் குட்ரிக், காது கேளாத இங்கிலாந்து இளைஞர். 21 வயதில் இறந்துபோனார்.

ஒளி மாறும் விண்மீன்களைத் தேடியவர்களில் நம் பக்கத்து மனிதரும் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அது தென்வானில் தாழ்வாக, பெரிய மகெல்லன் மேகத்தின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெரிய மேகம் சின்னதைவிடப் பிரகாசம், சற்று உயரமும்கூட. டிசம்பர் இறுதியில் நள்ளிரவை ஒட்டித் தெற்கே பாருங்கள். 1987 பிப்ரவரியில் அதில் ஒரு விண்மீன் வெடித்து வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஜவ்வாது மலையில் காவலூரிலிருந்து நம் வானியலாளர்கள் அதன் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார்கள். டிசம்பர் மாதங்களில் இரவு எட்டு மணியளவில் தென்கிழக்கே எழுவது அகத்தியர் விண்மீன். வானத்தில் பிரகாசத்தில் இரண்டாவது. இந்தப் பகுதி திருவிதாங்கூராக இருந்தபோது, 1855இல், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் புரூன் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்கத்தான் அது. ஆனாலும் அந்த மலையுச்சியில் நின்று அகத்தியர் விண்மீனை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்?

இனி நாள் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு திட்டுகளும் ஒரே கோட்டில் நிற்பது நவம்பர் 1ஆம் தேதி இரவு பத்தரை மணியளவில். நாளுக்கு நான்கு நிமிடம் முந்தும். அதனால் நவம்பர் நடுவில் ஒன்பதரை, டிசம்பர் தொடக்கத்தில் எட்டரை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அந்த வாரம் நிலவுத் தொல்லை இல்லை. வெடிப்புகை அடங்கி ஒரு மழையும் பெய்த இரவாகப் பாருங்கள். திருக்கார்த்திகை பௌர்ணமி இதற்கு உதவாது.

விளக்குகளைப் பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1838 முதல் மருத்துவப் பணி நடக்கும் நெய்யூரில் ஆஸ்பத்திரி விளக்கு இரவெல்லாம் எரியத்தான் வேண்டும், தெருவிளக்கும் வேண்டும். அவற்றின் ஒளி தரையில் விழுந்தால் போதும், வானத்தில் விழத் தேவையில்லை. மேலே மூடி வைத்து, கீழ்நோக்கித் திருப்பினால் மின்சாரமும் மிச்சம். பஞ்சாயத்துகளும் வீட்டுக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இந்த ஐப்பசியில் ஓர் இரவு பிள்ளைகளைப் பெற்றோரோடு கடப்புறத்துக்கு அழைத்துப் போங்கள். செல்போனை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். முதலில் வடக்கே ஆண்ட்ரோமீடாவைக் காட்டுங்கள், பிறகு தெற்கே திருப்புங்கள்.