பின்னச்சின் வலிமையை எவ்வாறு அளப்பது?

மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது, வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமை. மாட்டு வண்டியின் அச்சுக்குப் பாரம் தாங்குவது ஒன்றே வேலை. மோட்டார் காரின் பின்னச்சுக்கோ வேலை இரண்டு. பாரத்தையும் தாங்கவேண்டும், எஞ்சினின் விசையைக் கொண்டுசென்று சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும்.

1960களில் அமெரிக்கக் கம்பெனிகள் பேராற்றல் வாய்ந்த எஞ்சின்களை நடுத்தரக் கார்களிலும் பொருத்தின. அப்பொழுது, எந்தப் பின்னச்சு வலியது என்னும் வினா எழுந்தது. பழைய கார்களைப் பேணும் ஆர்வலர்கள் இன்றும் அதனை விவாதிக்கின்றனர். விடை காணும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது முறுக்குவிசை. எஞ்சின் 400 அடி-இராத்தல் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். முதற்கியர் அதனை 2.5 மடங்காகவும், பின்னச்சின் பல்சக்கரங்கள் 4 மடங்காகவும் பெருக்கினால் 4,000 அடி-இராத்தல் ஆகிறது. இரு பக்கத்துத் தண்டுகளும் இதனைப் பகிர்ந்து தாங்குகின்றன. ஆயினும், சக்கரம் தரையில் வழுக்கிவிட்டால் அவ்விசை முழுவதும் அச்சின்மேல் ஏறாது. எனவே, நன்றாகத் தரையைப் பற்றும் டயர்களை மாட்டிய வண்டியிலேயே அச்சு முறியும் அபாயம் மிகுதி.

இரண்டாவது தண்டின் பருமன். ஒரேவகை எஃகினாலான தண்டுகளில், முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 1.2 அங்குலத் தண்டுக்குப் பதில் 1.5 அங்குலத் தண்டு போட்டால் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது. வலிமையோ 1.25 × 1.25 × 1.25, அதாவது ஏறக்குறைய இரு மடங்காகிறது. மும்மடியைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது பல்சக்கரம். 1957-இல் வந்த ஃபோர்டு அச்சின் வளையச் சக்கரம் 9 அங்குலம். செவ்ரலேயின் ‘12 போல்ட்டு’ அச்சில் 8.875 அங்குலம், டேனா 60 அச்சில் 9.75 அங்குலம். முன்னிரண்டுக்கும் வேறுபாடு அரைக்கால் அங்குலமே. ஆனால், ஃபோர்டு அச்சில் வளையச் சக்கரத்தைச் சுழற்றும் சிறு சக்கரமாகிய பினியனை முன்னும் பின்னும் பேரிங்குகள் தாங்குகின்றன. மற்ற இரண்டிலும் முன்புறம் மட்டுமே. ஆகவே பெருவிசை வரும்போதும் ஃபோர்டின் பினியன் எளிதில் விலகாது. மேலும், அது மிகத் தாழ அமைந்திருப்பதால் பற்கள் கூடுதலாகப் பொருந்துகின்றன. இதற்கு ஒரு விலையும் உண்டு. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று மிகுதியாக உராய்வதால், ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிகிறது. இவ்விழப்பு செவ்ரலே அச்சில் குறைவு.

நான்காவது, தண்டைப் பிடித்து நிறுத்தும் முறை. உயிர்க்காப்பு இதில் அடங்கியுள்ளது. பெரும்பாலான 12 போல்ட்டு அச்சுகளில், தண்டின் உள்நுனியைப் பிறை வடிவான சிறு கவ்வி ஒன்று பிடித்திருக்கும். தண்டு நடுவில் முறிந்தால், வெளித்துண்டு சக்கரத்தோடு கழன்று வெளியேறிவிடலாம். ஃபோர்டு அச்சில் குழாயின் வெளிமுனையிலேயே பேரிங்கைத் தகடு ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது. அதற்கு உட்புறம் தண்டு முறிந்தாலும் சக்கரம் தன்னிடத்திலேயே நிற்கும்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? வளையச் சக்கரத்தின் அளவு ஒன்றையே கொண்டு தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. தண்டு, பல், பேரிங்கு, கவ்வி ஆகிய நான்கினுள் எது மெலிந்ததோ, அதன் வலிமையே அச்சின் வலிமை. தண்டை மட்டும் தடிப்பாக்கினால், முறிவு தண்டை விட்டுப் பல்லுக்கு இடம் மாறும், அவ்வளவே. எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட விரும்புவோர், அது சென்று சேரும் வழி முழுவதையும் முன்னரே அளந்தறிதல் வேண்டும்.