வாய்ச்சொல்லைக் கேட்டு வயலை விட்டு இறங்க வேண்டாம்

"அடுத்த போகத்துக்கு நிலத்தை வேறு ஆளுக்கு விட்டாச்சு. நீ இனிமேல் இறங்க வேண்டாம்." அறுவடை முடிந்து களம் காலியான கையோடு பல குத்தகை விவசாயிகளின் காதில் விழும் வார்த்தை இது. கேட்டவர் இரண்டு நாள் தூங்காமல் கிடப்பார். மூன்றாம் நாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூலி வேலை தேடிப் போய்விடுவார்.

நம் சேரிகளில் குத்தகைக்கு உழுகிறவர்களிடம் பெரும்பாலும் பத்திரம் இருக்காது. அப்பா உழுதார், மகன் உழுகிறார். குத்தகை நெல்லைக் களத்திலேயே அளந்து விடுவார்கள், ரசீது கேட்கும் வழக்கம் இல்லை. கையில் காகிதம் இல்லாததால் உரிமையும் இல்லை என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். வெளியேற்றம் பாதி இந்த நினைப்பிலேயே நடந்து முடிகிறது.

சட்டம் சொல்வது வேறு. 1955-ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தானோ தன் குடும்பத்தாரோ உடல் உழைப்பைக் கொடுத்துப் பயிர் செய்கிறவர் குத்தகைதாரர். ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். அவரை வெளியேற்ற நில உரிமையாளர் வருவாய் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். குத்தகை பாக்கி, நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தது, விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்தியது, உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தது ஆகியவையே முக்கியமான காரணங்கள். விசாரணை நடந்து உத்தரவு வரும்வரை, "இறங்காதே" என்பது வெறும் வாய்ச்சொல்தான்.

ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வரும். நெல்லைக் கொண்டுபோனால், "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். நாமும் நல்ல மனதுடன் சொல்கிறார் என்று திரும்பிவிடுவோம். தவணை முடிந்து ஒரு மாதத்துக்குள் குத்தகை செலுத்தப்படாவிட்டால், அதுவே வெளியேற்ற மனுவுக்குக் காரணமாகிவிடும். எனவே உரிமையாளர் வாங்க மறுத்தால் அந்த ஒரு மாதம் கடப்பதற்குள் குத்தகையை வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிட வேண்டும். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த நீதிமன்றம் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பாக்கி சேர்ந்து நோட்டீஸும் வந்துவிட்டதா? அப்போதும் கதவு மூடவில்லை. விசாரணை நாளில் தவறாமல் ஆஜராகுங்கள். இரு தரப்பின் நிலையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட நீதிமன்றம் அவகாசம் தரலாம். அந்தக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் நிலம் கையில் நிற்கும். போகாமல் இருந்தால் நம் பேச்சைக் கேட்காமலே உத்தரவு போய்விடும். உத்தரவு எதிராக வந்தால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம்.

கேட்கிற குத்தகை நியாயமானதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தின்படி, மொத்த விளைச்சலில் 25 சதவீதத்தையே நியாயக் குத்தகை என்கிறது.

நாம்தான் உழுகிறோம் என்று எப்படிக் காட்டுவது? கிராம நிர்வாக அலுவலர் தந்த அடங்கல் நகல், நேரடி நெல் கொள்முதல் நிலைய ரசீது, கூட்டுறவுக் கடன் அட்டை, பயிர்க் காப்பீட்டு ரசீது, உரக்கடைச் சீட்டு எல்லாம் உதவும். பக்கத்து வயல்காரரின் சாட்சியமும் சாட்சியம்தான். குத்தகைதாரர் பதிவேட்டில் பெயர் சேர்க்க, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். இதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத பத்திரத்திலோ கைநாட்டு வைக்காதீர்கள். "நானே மனமுவந்து நிலத்தை ஒப்படைத்தேன்" என்று அதில் எழுதியிருந்தால், பிறகு அதை மறுப்பது பெரும்பாடு.

உத்தரவு இல்லாமல் ஆள்களைக் கூட்டிவந்து பயிரை அழித்தால், தண்ணீரை மறித்தால், நிலத்தை விட்டு விரட்டினால் அது குத்தகைத் தகராறோடு முடிகிற விஷயம் இல்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவும், செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராகவும் இருந்தால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(ஜி) அதைக் குற்றம் என்கிறது. இந்த வழக்கைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்ற உத்தரவோடு வருகிறவர்கள் மீது இந்தப் புகார் நிற்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே விரட்டப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. முறையான உத்தரவு இல்லாமல் வெளியேற்றப்பட்டிருந்தால், அன்றிலிருந்து 2 மாதத்துக்குள் நிலத்தைத் திருப்பிக் கேட்டு மனு கொடுக்கலாம். பஞ்சாயத்து பேசி நாள் கடத்துவதில்தான் பலர் இந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். சாதிச் சான்றிதழோடு நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணில் கேட்கவும் செய்யலாம். தடை உத்தரவு வாங்க வேண்டுமா, எந்த நீதிமன்றத்தில் வாங்குவது என்பதை அங்கே தரும் வக்கீல் சொல்வார்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் நாம் கேட்பது இதுதான். வீட்டுக்கு வருகிற நோட்டீஸை நீங்கள் வாசியுங்கள். வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள். விசாரணை நாளைப் பெரியவர்களுக்கு நினைவூட்டுங்கள். அடுத்த அறுவடைக்கு முன்னால் அப்பாவின் பெயர் அடங்கலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.