ஊவா ஓடைகளின் அரும்பறவை

இலங்கைக்கே உரிய பறவையினங்கள் ஏறக்குறைய 34 என்பர். அவற்றுட் பலவற்றை ஊவா மலைக்காடுகளிலே நாம் காணலாம். ஆயினும் காண்டற்கு மிக அரியது சீழ்க்கைப் பூங்குருவியாகும்.

19 ஆம் நூற்றாண்டிலே அப்புத்தளைப் பகுதியிற் கோப்பித் தோட்டத் துரையாயிருந்த சாமுவேல் பிளை என்பாரின் பெயரை, ஹோல்ட்ஸ்வொர்த் என்னும் அறிஞர் 1872 இல் இப்பறவைக்குச் சூட்டினார். கோப்பிக்காகக் காடுகள் அழிந்த காலமது. காட்டையழித்து வளர்ந்த தொழிலினர் ஒருவரின் பெயரையே, காட்டைப் பிரிந்து வாழமாட்டாத பறவை தாங்கி நிற்கின்றது!

ஆண் கருநிறமுடையது, அதன் தோளிலே நீலம் மினுங்கும். பெண் கபிலநிறத்தது. நிழல் செறிந்த மலையோடைகளே இவற்றின் இருப்பிடம். பூச்சி, நத்தை, தவளை முதலியன இரையாகும்.

இதனைக் காண விழைவோர் பொழுது புலருமுன்னரே ஓடைக்கரையை அடைந்து, அசையாது, பேசாது காத்திருத்தல் வேண்டும். முதலிற் கூரிய சீழ்க்கை கேட்கும். பின்னரே உருவந் தென்படும். ஒகியாவிலிருந்து ஏறிச்செல்லும் ஹோர்ட்டன் சமவெளியில் அரெங்காக் குளம் என ஒன்றுண்டு. 'அரெங்கா' என்பது இப்பறவையின் பழைய விஞ்ஞானப் பெயரேயாம். பதிவுசெய்த குரலை ஒலித்து இதனை வெளியே அழைத்தல் தகாது. அஃது அதன் அமைதியைக் குலைக்கும்.

காடு சுருங்கியமையால் இன்று இவ்வினம் அழியும் ஆபத்திலுள்ளது. கரைமரம் வீழ்ந்தால் நிழல் போம். நிழல் போனால் ஈரமும் இரையும் போம். ஆதலின் தோட்டப்புறங்களில் வாழும் நாம், ஓடையோர மரங்களை வெட்டாது காத்தலே இப்பறவைக்குச் செய்யத்தக்க பேருதவியாம். அவ்வோடை நீரைப் பருகுவோரும் நாமேயன்றோ!